என்கேதி: கரித்துண்டுக்குள் ஓர் எழுத்து, தரையில் ஓர் இரகசியம்

சத்தே சுடும் கடையில் அடுப்பு அணைந்த பிறகு அடியில் கிடக்குமே, அந்தக் கரித்துண்டை நினைத்துக்கொள்ளுங்கள். விரல் நீளம்தான், ஏறக்குறைய 7 சென்டிமீட்டர். கையில் எடுத்தால் விரலெல்லாம் கறுப்பாகும். சற்றே அழுத்தினால் பொடியாக உதிர்ந்துவிடும்.

1970ஆம் ஆண்டு, சாக்கடலின் மேற்குக் கரையில் உள்ள என்கேதி என்னும் இடத்தில், தீயில் எரிந்துபோன பழைய யூதத் தொழுகைக்கூடம் ஒன்றைத் தோண்டியவர்களுக்கு இத்தகைய கரித்துண்டுகள் கிடைத்தன. வேதச் சுருள்களை வைக்கும் பேழை இருந்த இடத்தில் அவை கிடந்தன. ஆகவே அவை விலங்குத்தோலில் எழுதிய சுருள்களின் மிச்சம் என்பது தெளிவு. உள்ளே எழுத்து இருக்கலாம். ஆனால், விரிக்க முடியாது. தொட்டாலே உதிரும் பொருளை எப்படி விரிப்பது? பெட்டியில் வைத்து மூடினார்கள். ஏறக்குறைய 45 ஆண்டுகள் அவை அப்படியே இருந்தன.

அதே கட்டடத்தின் தரையில் இன்னோர் எழுத்தும் இருக்கிறது. சிறு கற்களைப் பதித்துச் செய்த கல்வெட்டு அது. யார் வேண்டுமானாலும் குனிந்து பார்க்கலாம். மொழி தெரிந்தவர் படித்துவிடலாம். அதில் ஒரு சாபம் இருக்கிறது. ஊரின் இரகசியத்தை வெளியே சொல்பவனுக்கான சாபம்.

மூடிக் கிடந்த எழுத்தை அறிவியல் படித்துவிட்டது. திறந்தே கிடக்கும் எழுத்தின் பொருள்தான் இன்னும் பிடிபடவில்லை. இந்த வாரம் இரண்டையும் பார்ப்போம். படித்துக்கொண்டே போகும்போது ஒரு கேள்வியை மட்டும் கையில் வைத்திருங்கள்: "இது எப்படித் தெரியும்?" ஒவ்வொரு பத்தியிலும் என்னிடம் அதைக் கேளுங்கள்.

பத்துமலையில் சொட்டும் நீர்

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம். என்கேதி இன்றைய இஸ்ரேலில் இருக்கிறது. பெயருக்கு எபிரேய மொழியில் 'ஆட்டுக்குட்டியின் ஊற்று' என்று பொருள். இன்றைக்கும் அங்குள்ள பாறைகளில் வளைந்த கொம்புள்ள மலையாடுகள் ஏறி இறங்குவதைப் பார்க்கலாம். ஒரு பக்கம் யூதேயப் பாலைவனத்தின் செங்குத்துப் பாறை. மறுபக்கம் சாக்கடல். கடல் என்று பெயரே தவிர அது ஓர் ஏரி. அதன் நீர் சாதாரணக் கடல்நீரைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு உப்பு. ஏரியின் மேற்பரப்பு உலகக் கடல்மட்டத்துக்கு 430 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. 452 மீட்டர் உயரமுள்ள பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தை அந்தக் கரையில் நிறுத்தினால், உச்சிக் கூர் மட்டுமே கடல்மட்டத்துக்கு மேலே தலைகாட்டும்.

அங்கே ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 100 மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. நமக்கு அது ஒரு சாயங்கால மழை. அப்படியிருக்க, அந்தக் கரையில் பேரீச்சந்தோப்பு எப்படி வளர்ந்தது?

பத்துமலைக் குகைக்குள் நின்றிருக்கிறீர்களா? மழை விட்டு நெடுநேரம் ஆன பிறகும் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுந்துகொண்டிருக்கும். சுண்ணாம்புக்கல் மலை அது. மழைநீர் பாறையின் விரிசல்களில் புகுந்து, மெதுவாக இறங்கி, வேறோர் இடத்தில் வெளிவருகிறது. என்கேதியிலும் இதே கதைதான். அளவு மட்டும் பெரியது. மேற்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் எப்ரோன் மலைகள் இருக்கின்றன. ஈரக் காற்று அங்கே மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாகக் கிழக்கே இறங்குகிறது. மழைமறைவுப் பகுதி என்று புவியியலில் படித்திருப்பீர்கள். மலையில் பெய்த மழை சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, நிலத்தடியில் கிழக்கே நகர்ந்து, பெரும் பிளவுப் பள்ளத்தாக்கின் சரிவில் பாறை அறுபட்டு நிற்கும் இடத்தில் ஊற்றாக வெளியேறுகிறது. என்கேதியைச் சுற்றி இப்படி நான்கு ஊற்றுகள் உள்ளன. மழை ஒரு மலையில், அறுவடை இன்னொரு சரிவில்.

ஊற்று மட்டும் இருந்தால் போதாது. சரிவான பாறையில் மண் நிற்காது. அங்கு வாழ்ந்தவர்கள் கல் சுவர் எழுப்பி, சுவருக்குப் பின்னால் மண்ணை நிறுத்தி, படிப்படியாக வயல் அமைத்தார்கள். வாய்க்கால் வெட்டி, நீரைத் தொட்டிகளில் தேக்கி, மேலிருந்து கீழே பங்கிட்டார்கள். கேமரன் மலையில் தேயிலையும் காய்கறியும் வளரும் படிநிலங்களைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஓர் ஊர் முழுக்க ஒரே ஊற்றை நம்பி வாழும்போது, யாருக்கு எந்த நேரத்தில் எவ்வளவு நீர் என்பதில் கட்டுப்பாடு வேண்டும். ஒருவன் வாய்க்காலை உடைத்தால் அடுத்தவன் மரம் காயும். இதை மறந்துவிடாதீர்கள், அந்தச் சாபத்துக்கு வரும்போது தேவைப்படும்.

இடையில் ஒரு செய்தி. இன்று சாக்கடலின் மட்டம் ஆண்டுக்கு ஒரு மீட்டருக்கும் மேலாக இறங்கிக்கொண்டிருக்கிறது. யோர்தான் ஆற்றின் நீரை மேலேயே எடுத்துவிடுகிறார்கள். கனிமத் தொழிற்சாலைகளும் ஏரியின் நீரை ஆவியாக்குகின்றன. ஏரி பின்வாங்கியதும், நன்னீர் நிலத்தடியில் முன்னேறி, அங்கே புதைந்திருந்த உப்பு அடுக்கைக் கரைக்கிறது. மேலே உள்ள நிலம் திடீரென உள்வாங்கிப் பள்ளமாகிறது. கரையோரம் ஆயிரக்கணக்கான பள்ளங்கள் விழுந்துவிட்டன. என்கேதியின் பேரீச்சந்தோப்பு, கடற்கரை, நெடுஞ்சாலை எல்லாமே பாதிக்கப்பட்டுள்ளன. ஊற்று உருவாக்கிய ஊரை இப்போது அதே நன்னீரே அரிக்கிறது.

அடுக்கடுக்காக ஓர் ஊர்

வீட்டில் பழைய நாளிதழ்களை ஒரு மூலையில் அடுக்கி வைத்திருப்பீர்கள். அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. தொல்லியலின் முதல் விதி அதுதான். நடுவில் யாராவது ஒன்றை உருவி எடுத்திருந்தால் மட்டுமே குழப்பம்.

என்கேதியில் தெல் கோரன் என்னும் மேட்டை 1961 முதல் 1965 வரை பெஞ்சமின் மசார் தலைமையிலான குழு தோண்டியது. ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து குடியிருப்பு அடுக்குகள் வெளிவந்தன. அடியில் இருந்தது கி.மு. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. யூதா அரசின் காலம். அந்த அடுக்கு தீயில் முடிகிறது. பாபிலோனியர் யூதாவை வீழ்த்திய கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு அது பொருந்துகிறது. அதற்கு மேலே பாரசீகர் காலம், கிரேக்கர் காலம், ரோமர் காலம். பிற்காலத்தில் ஊர் மேட்டைவிட்டு இறங்கி, இரண்டு ஓடைகளுக்கு நடுவிலுள்ள சமவெளியில் பரவியது. அந்தச் சமவெளிக் கிராமத்தை 1996 முதல் 2002 வரை யிட்சார் ஹிர்ஷ்ஃபெல்ட் தோண்டினார். தொழுகைக்கூடமும் அங்கேதான் இருக்கிறது.

ஊற்றுக்கு மேலே ஒரு பாறைத்திட்டில் இதையெல்லாம்விட மிகப் பழைய கோயில் ஒன்றும் உண்டு. செம்புக்காலக் கோயில் அது. இன்றைக்குச் சுமார் 5,500 ஆண்டுகளுக்கு முற்பட்டது. அதைக் கட்டியவர்கள் யூதர்கள் அல்லர். அந்தப் பெயர் தோன்றவே இன்னும் பல நூற்றாண்டுகள் இருந்தன. 1961இல் அங்கிருந்து தெற்கே சில கிலோமீட்டர் தள்ளி, நகால் மிஷ்மார் பள்ளத்தாக்கின் குகை ஒன்றில், கோரைப்பாயில் சுற்றிவைத்த நானூற்றுக்கும் மேற்பட்ட பொருள்கள் கிடைத்தன. பெரும்பாலானவை செம்பு: கிரீடங்கள், செங்கோல் தலைகள், விலங்கு உருவங்கள். 'என்கேதிக் கோயிலின் சொத்தைத்தான் யாரோ அவசரமாகக் கொண்டுபோய் ஒளித்துவைத்தார்கள்' என்று ஓர் ஆய்வாளர் கருதினார். கேட்க நன்றாக இருக்கிறது. காலம் பொருந்துகிறது, தூரமும் பொருந்துகிறது. ஆனால், அந்தக் கோயிலையும் அந்தக் குகையையும் நேரடியாக இணைக்கும் பொருள் ஒன்றுகூட இல்லை. 'எப்படித் தெரியும்' என்று கேட்டால், 'தெரியாது, ஊகம்' என்பதே பதில்.

இதோடு ஒப்பிட, உறுதியான ஒன்றைச் சொல்கிறேன். கி.பி. 132 முதல் 135 வரை பார் கொக்பா என்பவரின் தலைமையில் யூதர்கள் ரோமுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். 1960, 1961ஆம் ஆண்டுகளில் யிகாயேல் யாதின் குழுவினர் என்கேதிக்கு அருகிலுள்ள நகால் ஹெவர் பள்ளத்தாக்குக் குகை ஒன்றில் அந்தத் தலைவரின் கடிதங்களையே கண்டெடுத்தார்கள். பல கடிதங்கள் என்கேதியை நிர்வகித்த யெகோனத்தான், மசபலா ஆகிய இருவருக்கு எழுதப்பட்டவை. 'அங்கே உட்கார்ந்து தின்று குடிக்கிறீர்கள், உங்கள் சகோதரர்களைப் பற்றிக் கவலையே இல்லை' என்னும் பொருளில் ஒரு கடிதம் அவர்களைச் சாடுகிறது. போர்க்கால ஊர் ஒன்றில், மேலிடத்துக்கும் உள்ளூர் நிர்வாகிகளுக்கும் இடையே இருந்த எரிச்சல்கூட நமக்குத் தெரிகிறது.

அதே குகையில் பபதா என்ற பெண் தன் பத்திரங்களைத் தோல்பையில் போட்டு வைத்திருந்தாள். திருமணப் பத்திரம், நிலப் பதிவு, வழக்கு ஆவணம் என 35 ஆவணங்கள். அவளுடைய இரண்டாவது கணவர் யூதா என்கேதிக்காரர். நாம் வீட்டில் பிறப்புச் சான்றிதழையும் நிலக் கிராண்டையும் ஒரே கோப்பில் போட்டு அலமாரியில் வைப்பதில்லையா, அதேதான். அவள் அதை எடுக்கத் திரும்பி வரவில்லை.

ஏன் அங்கே பத்திரம்கூட நிலைத்தது? ஈரம் இல்லை. ஈரம் இல்லாவிட்டால் பூஞ்சையும் பாக்டீரியாவும் வேலை செய்ய முடியாது. கெடாவில் நம் பூஜாங் பள்ளத்தாக்கில் கல்லும் செங்கல்லும் மிஞ்சின. மேலே இருந்த மரக்கூரையும் ஓலையும் போய்விட்டன. இங்கே எழுதியவர்கள் குறைவு என்று அதற்குப் பொருள் கிடையாது. நம் மழை எதையும் விட்டுவைப்பதில்லை.

கரியை எப்படிப் படிப்பது?

இப்போது அந்தக் கரித்துண்டுக்கு வருவோம். தொழுகைக்கூடம் கி.பி. 600 வாக்கில் எரிந்தது. பேழையில் இருந்த சுருள்கள் கருகின. விலங்குத்தோல் முழுமையாக எரிந்தால் சாம்பலாகும். காற்று போதாமல் வெந்தால் கரியாகும். வடிவம் அப்படியே நிற்கும். சுருளின் சுற்றுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கட்டியாயின.

2015இல் இஸ்ரேல் தொல்பொருள் ஆணையத்தின் பினினா ஷோர், அந்தத் துண்டை நுண் சிடி ஸ்கேன் செய்து கிடைத்த தரவை அமெரிக்காவின் கெந்தக்கி பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரெண்ட் சீல்ஸுக்கு அனுப்பினார். சீல்ஸ் கணினி அறிவியலாளர். மருத்துவமனையில் தலையில் அடிபட்டவருக்கு எடுக்கும் சிடி ஸ்கேன் போன்றதுதான் இதுவும். பொருளைச் சுற்றிப் பல கோணங்களில் எக்ஸ் கதிரைச் செலுத்துகிறார்கள். அடர்த்தியான பகுதி கதிரை அதிகம் உறிஞ்சும். லேசான பகுதி விட்டுவிடும். அந்த வேறுபாட்டிலிருந்து கணினி பொருளின் உட்புறத்தை மெல்லிய குறுக்குவெட்டுகளாக வரைகிறது. இங்கே படத்தின் ஒவ்வொரு புள்ளியும் 18 மைக்ரோமீட்டர் அளவு. ஒரு மில்லிமீட்டருக்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட புள்ளிகள்.

அடுத்து நடந்ததை நான் விளக்குவதைவிட நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு ஏ4 தாளை எடுத்து, தடித்த மார்க்கர் பேனாவால் உங்கள் பெயரைப் பெரிதாக எழுதுங்கள். எழுத்து உள்பக்கம் வரும்படி தாளைச் சுருட்டுங்கள்; மிக இறுக்க வேண்டாம். சுருளின் இரு முனைகளிலும் ஒட்டுநாடா ஒட்டி, கத்தரிக்கோலால் அரை சென்டிமீட்டர் வளையங்களாக வெட்டுங்கள். ஒவ்வொரு வளையத்திலும் 1, 2, 3 என்று எண் இடுங்கள். இப்போது ஒரு வளையத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். சுருண்ட ஒரு கோடு. அதில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கறுப்புத் தடம். பெயர் தெரியாது. அதை நேராக்கி மேசையில் வையுங்கள். அடுத்த வளையத்தை அதன் கீழே வையுங்கள். எட்டோ பத்தோ வைத்த பிறகு உங்கள் பெயர் வெளிப்படத் தொடங்கும்.

சீல்ஸ் குழு செய்தது இதுதான். ஒரே வேறுபாடு, வெட்டியதும் விரித்ததும் கணினிக்குள். உண்மைச் சுருள் நசுங்கி, வளைந்து, சுற்றுகள் ஒட்டிக் கிடந்ததால், ஒரு சுற்று எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தடம்பிடிப்பதே பெரிய வேலை. ஐந்து முழுச் சுற்றுகளை விரித்தார்கள். தோலைவிட மை பிரகாசமாகத் தெரிந்தது. அதாவது, மை அடர்த்தி கூடியது. அதில் உலோகம் கலந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

மையைப் பற்றி ஒரு சொல். இத்தாலியில் வெசுவியஸ் எரிமலை கி.பி. 79இல் வெடித்தபோது ஹெர்குலேனியம் நகரில் ஒரு நூலகமே கருகிக் கரியானது. அந்தச் சுருள்களின் மை பெரும்பாலும் விளக்குப் புகைக்கரியில் செய்தது. கருகிய தாளும் கரி, மையும் கரி! எக்ஸ் கதிருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. அதனால்தான் அவற்றைப் படிப்பது இன்னும் கடினமாக இருந்தது. 2023இல் 21 வயது பல்கலைக்கழக மாணவர் லூக் ஃபாரிட்டர் செயற்கை நுண்ணறிவின் உதவியோடு அதில் முதல் சொல்லைக் கண்டுபிடித்தார். உங்களைவிடச் சில வயதுதான் மூத்தவர்.

என்கேதிச் சுருளுக்குத் திரும்புவோம். விரித்த படத்தில் எபிரேய எழுத்துகள் இரண்டு பத்திகளாகத் தெரிந்தன. ஜெருசலேமில் உள்ள எபிரேய அறிஞர்கள் அவற்றைப் படித்தார்கள். 18 வரிகள் கிடைத்தன. மேலும் 17 வரிகளை மீட்டமைத்தார்கள். அது லேவியராகமம் என்னும் வேதநூலின் முதல் இரண்டு அதிகாரங்கள். ஆய்வு 2016 செப்டம்பரில் வெளியானது.

'எப்படித் தெரியும்?' கேளுங்கள். கணினி தவறான சுற்றைத் தடம்பிடித்து, நமக்குப் பிடித்த எழுத்தைக் கற்பனை செய்திருந்தால்? இங்கே ஒரு வலுவான சோதனை இருக்கிறது. லேவியராகமம் புதிய நூல் இல்லை; இன்றும் யூதர்கள் படிக்கும் நூல். சுற்றுகள் தவறாக இணைந்திருந்தால் வரிகள் பொருளற்றுப் போயிருக்கும். கிடைத்த மெய்யெழுத்துகளோ இன்றைய நூலோடு அப்படியே ஒத்துப்போகின்றன. விரித்தவர்கள் ஒரு நாட்டில், வாசித்தவர்கள் இன்னொரு நாட்டில். வினாத்தாளைப் பார்க்காமல் எழுதிய விடை, விடைத்தாளோடு சொல்லுக்குச் சொல் பொருந்தியது போல.

வயது விஷயத்தில் நிலைமை அவ்வளவு சுலபமாக இல்லை. மூன்றாம் படிவத்தில் கதிரியக்கப் பாடம் படித்தவர்களுக்கு அரை ஆயுள் நினைவிருக்கும். மலாயில் 'செத்தெஙா ஹாயாட்'. கரிமம்-14இன் அரை ஆயுள் 5,730 ஆண்டுகள். ஆடு உயிரோடு இருக்கும்வரை உணவு மூலம் கரிமம்-14 சேர்ந்துகொண்டே இருக்கும். இறந்ததும் வரவு நிற்கும், செலவு தொடரும். 1,700 ஆண்டுகளுக்குப் பிறகு தொடக்க அளவில் சுமார் 81 விழுக்காடு மிஞ்சியிருக்கும். கணிப்பானில் போட்டுப் பாருங்கள்: 0.5இன் அடுக்கு, 1700 வகுத்தல் 5730. இந்த முறை என்கேதிச் சுருளுக்கு கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டு என்கிறது. எழுத்தின் வடிவத்தைப் பார்த்துக் காலம் சொல்லும் வல்லுநர்களோ, 1ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி அல்லது 2ஆம் நூற்றாண்டின் தொடக்கம் என்கிறார்கள். இரண்டு கடிகாரம், இரண்டு நேரம். ஆய்வாளர்கள் இரண்டையும் மறைக்காமல் வெளியிட்டார்கள். எனக்கு அந்தக் கட்டுரையில் பிடித்த பகுதி அதுதான்.

'ஊரின் இரகசியம்'

இனித் தரையில் உள்ள எழுத்து. தொழுகைக்கூடத்தின் கல்வெட்டு எபிரேயத்திலும் அரமேய மொழியிலும் 18 வரிகளில் அமைந்தது. ஆதாம் முதல் பதின்மூன்று முன்னோர் பெயர்கள், பன்னிரண்டு இராசிகளின் பெயர்கள், பன்னிரண்டு மாதங்கள். வேறு சில தொழுகைக்கூடங்களில் இராசிகளை உருவங்களாக வரைந்திருக்கிறார்கள். இங்கே உருவம் கிடையாது, சொற்கள் மட்டும்.

இதற்கு அடியில் இருந்த பழைய தரையில் ஸ்வஸ்திகா வடிவம் இருக்கிறது. உடனே 'இந்தியத் தொடர்பு!' என்று கைப்பேசியில் பகிரக் கை நீளும். பொறுங்கள். கிரேக்க, ரோமத் தரைகளில் அந்த வடிவம் கோலப் புள்ளி போலச் சாதாரணமாக வரும். ஒரே வடிவம் இரண்டு இடத்தில் இருந்தால் ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குப் போயிற்று என்று ஆகிவிடாது.

கல்வெட்டின் நடுவில் சாபம். ஊராரிடையே சண்டை மூட்டுபவன், அடுத்தவனைப் பற்றி அயலாரிடம் கோள் சொல்பவன், பிறர் பொருளைத் திருடுபவன், ஊரின் இரகசியத்தை அயலாரிடம் வெளிப்படுத்துபவன் ஆகியோரை, மறைந்தவற்றைக் காணும் இறைவன் வேரோடு பிடுங்குவான் என்கிறது. ஊரார் எல்லாரும் ஆமென் சொன்னதாகவும் பதிவு இருக்கிறது.

எது அந்த இரகசியம்? பல அறிஞர்கள் சொல்லும் விடை: பால்சம். மணமுள்ள பிசின் தரும் புதர் அது. வெள்ளைப்போளம் தரும் மரத்தின் நெருங்கிய உறவு. பட்டையைக் கீறினால் துளித்துளியாகப் பிசின் வரும். நம் காட்டு காஹாரு மரத்தைப் போல, அதன் விலையும் மலைக்க வைப்பது. எடையில் இரு மடங்கு வெள்ளிக்கு அது விற்றது என்று கிரேக்க அறிஞர் தியோஃபிராஸ்டஸ் எழுதியிருக்கிறார். யூதேயாவில் போரின்போது யூதர்கள் அந்தப் புதரை அழிக்கப் பார்த்தார்கள், ரோமர்கள் அதைக் காக்கச் சண்டையிட்டார்கள் என்கிறார் ரோம எழுத்தாளர் பிளினி. வெசுவியஸ் வெடிப்பில் இறந்தவர் அவரே. என்கேதியின் சிறந்த பேரீச்சையையும் பால்சத்தையும் யூத வரலாற்றாசிரியர் ஜொசிஃபஸும் குறிப்பிடுகிறார். இவ்வளவு விலையுள்ள பொருளின் செய்முறையை ஊர் ஒளித்துவைத்தது என்பது நம்பக்கூடிய கதைதான். போதாக்குறைக்கு, தெல் கோரன் மேட்டில் அடுப்புகளும் தரையில் பதித்த பெரிய ஜாடிகளும் கிடைத்தன. வாசனைப்பொருள் செய்யும் பட்டறை என்று மசார் விளக்கினார்.

இப்போது நாளிதழ் அடுக்கை நினைவுபடுத்துங்கள். அந்த அடுப்புகள் எந்த அடுக்கு? கி.மு. 7, 6ஆம் நூற்றாண்டு. சாபக் கல்வெட்டு? தொழுகைக்கூடத்தின் கடைசிக் காலம், கி.பி. 5, 6ஆம் நூற்றாண்டு. இடையில் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள். மலாக்கா சுல்தானகம் தோன்றி இன்றுவரை ஆனது அறுநூறு ஆண்டுகள்தான். அந்த அடுப்பை வைத்து இந்தச் சாபத்தை விளக்குவது கடினம். மேலும், ஜாடியும் அடுப்பும் பேரீச்சம்பாகு காய்ச்சவும் உதவும், சாயம் போடவும் உதவும். ஜாடியைப் பார்த்து மட்டும் உள்ளே இருந்ததைச் சொல்ல முடியாது.

வேறு விளக்கங்களும் உண்டு. அந்த இரகசியம் ஊரின் பாதுகாப்பு பற்றியதாக இருக்கலாம். தொழில் இரகசியமே வேண்டாம், ஊரின் உள்விவகாரம் எதையும் வெளியே கொண்டுபோகாதே என்ற பொதுக் கட்டளையாகவும் இருக்கலாம். சாபத்தின் மற்ற மூன்று குற்றங்களைப் பாருங்கள்: சண்டை, கோள், திருட்டு. எல்லாமே ஒருவரை ஒருவர் நம்பி வாழவேண்டிய சிறிய ஊரைக் குலைக்கும் குற்றங்கள். ஒரே ஊற்றைப் பங்கிட்டுக்கொள்ளும் ஊர் என்று முன்பே சொன்னேன் அல்லவா? எனக்கு இந்த விளக்கத்தின் பக்கமே மனம் சாய்கிறது. ஆனால், என் மனம் சாய்வது சான்று ஆகாது. தேர்வில் அப்படி எழுதினால் மதிப்பெண் கிடைக்காது.

விதையைக் கேட்டுப் பார்த்தார்கள்

பால்சம் பற்றிய ஊகத்தை எதிர்பாராத ஒரு வழியில் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். யூதேயப் பாலைவனக் குகை ஒன்றில் 1980களில் ஒரு விதை கிடைத்தது. மருத்துவர் சாரா சாலன், தாவரவியலாளர் எலைன் சொலோவே குழுவினர் 2010இல் அதை நட்டார்கள். இதே குழு 2005இல் மசாடாவில் கிடைத்த சுமார் 2,000 ஆண்டுப் பழைய பேரீச்சை விதையை முளைக்கவைத்த குழுதான். இந்த விதையும் முளைத்தது. முளைத்தபின் விதையின் மேலோட்டில் ஒட்டியிருந்த துண்டைக் கரிமம்-14 சோதனைக்கு அனுப்பினார்கள். வயது ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள். மரத்துக்கு 'ஷீபா' என்று பெயர் வைத்தார்கள். மரபணுவைப் பார்த்ததில், வெள்ளைப்போளமும் பால்சமும் சேர்ந்திருக்கும் காமிஃபோரா பேரினம் என்று தெரிந்தது. காணாமல்போன யூதேய பால்சமே கையில் வந்துவிட்டதோ?

இலையையும் பிசினையும் வேதியியல் ஆய்வுக்கு உட்படுத்தினார்கள். பால்சத்துக்குரிய மணச் சேர்மங்கள் இல்லை. மரபணுவும் அந்த இனத்தோடு பொருந்தவில்லை. ஷீபா அதே குடும்பத்தின் வேறோர் இனம். 2024இல் அதை அப்படியே வெளியிட்டார்கள். பதினான்கு ஆண்டு வளர்த்த மரம், எதிர்பார்த்த மணத்தைத் தரவில்லை.

அப்படியானால் பால்சம் ஊகம் தோற்றுவிட்டதா? இல்லை. ஷீபா பால்சம் இல்லை என்பது மட்டுமே இதிலிருந்து தெரிகிறது. என்கேதியில் பால்சம் வளரவில்லை என்று அது காட்டவில்லை. கல்வெட்டின் இரகசியத்தைப் பால்சம் என்று நிறுவ வேண்டுமானால் என்ன சான்று வேண்டும் என்று யோசியுங்கள். முதலில், கல்வெட்டின் காலத்தைச் சேர்ந்த, அதாவது கி.பி. 5 அல்லது 6ஆம் நூற்றாண்டுக் கிராமத்தின் தரையிலேயே கிடைத்த ஒரு ஜாடி வேண்டும். மண்பாண்டத்தின் நுண்துளைகளுக்குள் எண்ணெயும் பிசினும் ஊறி நூற்றாண்டுகள் தங்கும். சமையலறையில் பழைய மண்சட்டியைக் கழுவிய பிறகும் மீன்குழம்பு வாசம் போகாதது அதனால்தான். அந்தச் சுவரைச் சுரண்டி எடுத்த தூளில் பால்சத்துக்கே உரிய மூலக்கூறுகள் தெரிய வேண்டும். அதே ஜாடிக்கு வெளியே உள்ள மண்ணில் அவை இருக்கக்கூடாது. அப்போதும்கூட 'இங்கே பால்சம் இருந்தது' என்று மட்டுமே சொல்லலாம். 'இதைத்தான் ஊரார் மறைத்தார்கள்' என்று சொல்ல இன்னும் ஒரு படி பாக்கி இருக்கும். அந்தப் படிக்கு என்ன சான்று தேவைப்படும் என்று நீங்களே எழுதிப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.